நதியா வாசித்த ஆண்டறிக்கை

அன்புள்ள அப்பாவுக்கு, ஷீபா எழுதுவது. கர்த்தர் கிருபையால் புனேயில் நலமாக இருக்கிறேன். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

ஞாயிறன்று நம் சபையின் ஆண்டு விழாவை போனில் நேரலையாகப் பார்த்தேன். போன வருடம்வரை நான் வாசித்த ஆண்டறிக்கையை இம்முறை எதிர்வீட்டு நதியா வாசித்தாள். நாலு பேர் முன்னால் நான் வாய் திறப்பது அந்த ஒரு நாள்தான். ஒரு இடத்திலாவது திக்குவாள் என்று காத்திருந்தேன். திக்கவே இல்லை. கட்டியிருந்தது என் அரக்குப் பட்டு. கரையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அன்றே போன் செய்து அம்மாவிடம் கேட்டேன். "பொட்டியில சும்மாதானே இருக்குது, கட்டிக்கினு போவட்டும்னு குடுத்தேம்மா. உன்ன மாதிரியே கணீர்னு படிச்சா" என்றாள். பக்கத்தில் நதியா சிரிப்பது கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

மாகறலில் ஒன்பது குடும்பங்கள் புதிதாகச் சேர்ந்ததும், அடுத்த ஆண்டு அங்கே ஆலயம் கட்டப்போவதும், நம் ஷீபா பட்டம் பெற்று புனேக்கு வேலைக்குப் போனதும் சபையின் வளர்ச்சி என்று அறிக்கையில் நதியா வாசித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள், நதியாவைப் பார்த்து.

புடவையை வாங்கி வையுங்கள். எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள் அப்பா. எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமானாலும் பரவாயில்லை, நதியாவிடம் கொடுக்க வேண்டாம்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்
ஷீபா