ஓட்டையில்லாத பெட்டி

7 ஜனவரி 2007, ஞாயிறு

கம்பெனி பஸ் வராத நாள். வாரம் முழுக்க மறைமலைநகரில் உட்கார்ந்து யாருடைய காருக்கோ ஒயர் பற்றவைக்கிறேன். இன்று எனக்காகப் பற்றவைத்தேன். பழைய கீபோர்டைப் பிரித்து, இரண்டு ஷிப்ட் கட்டைகளிலிருந்தும் ஒயர் இழுத்து, இரண்டு சிவப்புப் பட்டன்களில் சேர்த்தேன். இடது பட்டனை அமுக்கினால் திரையில் இடது மட்டை துள்ளுகிறது. கத்தியே விட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா ஷாக் அடித்துவிட்டது என்று ஓடி வந்தாள்.

பாலிடெக்னிக் லேப் கம்ப்யூட்டரில் ஆடிப் பழகிய பின்பால் ஆட்டம்தான் இது. சரிவான பலகையில் இரும்புக் குண்டு உருண்டு வரும், கீழே விழுவதற்குள் மட்டையால் தட்டி மேலே ஏற்ற வேண்டும். நிஜ மிஷினை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் இன்டர்நெட்டில் ஒருவன் பெட்டி செய்து, உள்ளே கம்ப்யூட்டரை வைத்து, மானிட்டரை மல்லாக்கப் படுக்க வைத்து, நின்றுகொண்டே நிஜம் மாதிரி ஆடுகிறான். அவனால் முடிந்தால் என்னால் ஏன் முடியாது?

பெட்டி மட்டும் எனக்கு வராது. சதுரங்கப்பட்டினத்தில் ஃபைபர் போட் கட்டுகிற அண்ணன் எதற்கு இருக்கிறான்? கேட்டதும் சிரித்தான். "போட் கட்றவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? வரஞ்சி மட்டும் குடு."

14 ஜனவரி, போகி

கீபோர்டின் மிச்சத்தை அம்மா நெருப்பில் போடப் போனாள். பிடுங்கிவிட்டேன்.

28 ஜனவரி, ஞாயிறு

பெட்டி வந்தது. நீலம், நடுவில் ஆரஞ்சுப் பட்டை. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பக்கவாட்டில், போட்டில் எழுதுவதுபோலவே வெள்ளைப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் — தே. தேவேந்திரன், சதுரங்கப்பட்டினம்.

"இது இன்னாண்ணா?"

"போட்டுன்னா சொந்தக்காரன் பேரு இருக்கணும்ல?"

"சொந்தக்காரன் நீயா?"

"அப்போ கட்னது யாரு?"

யோசித்தது நான், வரைந்தது நான், விரலைச் சுட்டுக்கொண்டது நான். பெயர் மட்டும் அவனுக்கா? கத்தியிருந்தால் பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போயிருப்பான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

11 பிப்ரவரி, ஞாயிறு

எல்லாவற்றையும் பொருத்தி முதல்முறையாக ஓட்டினேன். படம் பக்கவாட்டில் படுத்திருந்தது, திருப்பினேன். சரிவுக்காகப் பெட்டியின் பின்கால்களுக்குக் கட்டை வைத்து உயர்த்தினேன். பட்டனை அமுக்கிய பிறகு மட்டை சோம்பேறித்தனமாக எழுந்தது. அதையும் ஒருவழியாகச் சரிசெய்தேன். அப்புறம் ஆடினேன் பாருங்கள்! குண்டு என் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

தெருவே வாசலில் நின்றது. அண்ணன் பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு, "நான் கட்னது. தங்கச்சி கொஞ்சம் ஒயரு புட்ச்சா" என்கிறான்.

ஒயர் பிடித்தேனாம்.

பதில் சொல்வதற்குள் திரை அப்படியே நின்றது. கருகல் வாடை. பின்பக்கம் போய்ப் பார்த்தால், காற்றுக்காக நான் வரைந்து கொடுத்த வட்டம் ஒன்றைக்கூட வெட்டவில்லை. மூடி விளிம்பு முழுக்க, போட்டுக்குப் பூசுகிற ரெசின் பசையைப் பூசி அடைத்திருக்கிறான்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது," என்றான், பெருமையாக!

"தண்ணி எங்கடா வருது இங்க? காத்து வேணும்டா, காத்து!"

தெருவுக்கு முன்னால் அண்ணனை டா போட்டேன் என்று அம்மா அழுகிறாள். அழட்டும். கம்ப்யூட்டர் செத்ததற்கு யார் அழுவது?

12 பிப்ரவரி

கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகிவிட்டது. அவனோடு பேச்சில்லை.

18 பிப்ரவரி, ஞாயிறு

கம்பெனியில் கூட வேலை செய்கிற சீனு அவன் வீட்டில் கிடந்த பழைய போர்டைக் கொடுத்தான். அண்ணன் ட்ரில் மிஷினோடு வந்தான். பெட்டிக்கு முன்னால் நின்றான், நின்றான், கீழே வைத்துவிட்டான். "கட்ன கையால ஓட்ட போட மாட்டேன். கை வரல, பானு." சுனாமிக்கு அப்புறம் எத்தனை போட் கட்டினானோ, ஒன்றில்கூட ஒரு துளி கசிந்ததில்லை. தெரியும் எனக்கு. அதற்காக? இது கடலுக்கா போகிறது?

நானே போட்டேன். சத்தம் பொறுக்காமல் வெளியே போய்விட்டான். வேண்டுமென்றே இரண்டு ஓட்டை அதிகமாகப் போட்டேன்.

3 மார்ச், மாசி மகம்

மாமல்லபுரத்தில் தெரிந்த அம்சா அக்காவின் கூல்டிரிங்ஸ் கடையில் பெட்டியை வைத்தோம். தீர்த்தவாரிக்கு வந்த கூட்டத்தில் பாதி அங்கேதான் நின்றது. பகல் முழுக்க ஓடியது, சூடே இல்லை.

ஒரு லாட்ஜ் மேனேஜர் வந்து வெகுநேரம் ஆடினார். "யாருங்க செஞ்சது?" அண்ணன் பெட்டியில் எழுதியிருந்த தன் பெயரைக் காட்டினான். "குண்டு இவ்ளோ நிஜமா ஓடுதே, எப்படி?" என்றார் அவர்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். சொல்லட்டுமே, சொந்தக்காரன்!

"அது... உள்ள மோட்டாரு கீது சார்."

மோட்டாராம்! அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

8 ஏப்ரல், ஞாயிறு

அந்த மேனேஜர் லாட்ஜுக்கு ஒன்று கேட்டு அனுப்பியிருக்கிறார். அண்ணன் ஆள்விட்டுக் கூப்பிட்டான். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன்.

ஷெட்டில் புதுப்பெட்டி. வேலையாட்கள் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். மார்க்கரை என்னிடம் நீட்டினான். "ஓட்ட எங்கெங்க வரணும்? வட்டம் போட்டுக் குடு, பானு."

போட்டுக் கொடுத்தேன். ட்ரில்லை எடுத்தான். முதல் ஓட்டைக்குக் கண்ணை மூடிக்கொண்டான், படுபாவி. ஆட்கள் சிரித்தார்கள். "சிரிக்காதீங்கடா, மிஷினு அவுளுது. அவ சொன்னா போட்டுத்தான் ஆவணும்" என்றான்.

கோபம் தீர்ந்துவிட்டதா? இல்லை. பழைய பெட்டியில் இன்னும் அவன் பெயர்தான் இருக்கிறது.

புதுப்பெட்டியின் பக்கவாட்டில் 'தே.' என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தான். அப்பா ஒருத்தர்தானே, இனிஷியலும் ஒன்றுதான். பக்கத்தில் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் பிரஷும் இருந்தன. எழுதினேன். 'பானுமதி' கோணலாக வந்திருக்கிறது.