சைக்கிளில் போனவள்

ஹவுன்ஸ்லோ, லண்டன்
21.4.1985

அன்புள்ள அத்தான்,

பாரிஸில் குளிர் விட்டிருக்குமென்று நம்புகிறேன். இருமலுக்கு மாமி சொன்ன கொத்தமல்லியை அவித்துக் குடித்தீர்களா? நான் சுகம். பிளேனில் பயணிகளுக்குக் கொடுக்கிற கம்பளிகளைத் துவைத்து மடிக்கிற அதே வேலைதான். மூன்று கடிதத்துக்கு ஒரு பதில் போடுகிறீர்கள், அது சரியில்லை.

நான் அறை எடுத்திருக்கும் வீட்டுக்கார அன்ரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெயர் வில்லெமின், ஹொலண்ட்காரி, வயது அறுபது. பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிற சாதுவான மனுசி என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். போன ஞாயிறு நான் பூசை முடிந்து கோயிலால் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது தன் கதையைச் சொன்னா. ஜேர்மன் படை அவர்கள் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், பத்தொன்பது வயதில், இரகசியமாக எதிர்த்துச் சண்டைபிடித்த ஒரு கூட்டத்தில் சேர்ந்திருக்கிறா. சைக்கிளுக்கு ரயர் கிடையாது. வெறும் இரும்புச் சில்லில், கூடைக்குள் உருளைக்கிழங்குக்கு அடியில் துவக்கை வைத்துக் கொண்டுபோவாவாம். ஒளித்திருந்த யூதக் குடும்பங்களைக் காட்டிக்கொடுத்த ஒரு பொலிஸ்காரனைச் சைக்கிளில் போய்ச் சுட்டதும் அவதான்.

"திரும்பிப் பாராமல் மிதி எண்டவை. நான் பாத்திட்டன். பிறகு வாய்க்கால் கரையில குந்தி வாந்தி எடுத்தன். அடுத்த நாள் திரும்பவும் துவக்குக் கொண்டுபோனன்" என்றா.

சண்டை முடிந்ததும், அவவைக் கட்டுவதாக இருந்தவன், "ஆளைச் சுட்ட கையால சமைச்சதை நான் சாப்பிடமாட்டன்" என்று விட்டுவிட்டானாம். அவனும் அதே கூட்டத்தில் துவக்குத் தூக்கியவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மே மாதம் அவவின் ஊரில் அந்தக் கூட்டத்துக்கு நினைவுக்கல் திறக்கிறார்கள். நாற்பது வருடத்தில் முதல்தரம் அழைப்பு வந்திருக்கிறது. அதற்கென்று நீலச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறா.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
டொலறஸ்

*

பாரிஸ்
3.5.1985

அன்பின் டொலறஸ்,

இருமல் பரவாயில்லை. ரெஸ்ரோரண்டில் இரண்டு ஷிப்ட் செய்வதால்தான் பதில் பிந்துகிறது, கோபிக்க வேண்டாம்.

அந்த வீட்டை விட்டு நீர் உடனே வெளிக்கிட வேண்டும். ஆளைச் சுட்ட பொம்பிளையோடு எனக்கு மனைவியாக வரப்போகிறவள் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதை நான் விரும்பவில்லை. லண்டனிலேயே சட்டன் என்ற இடத்தில் இருக்கிற எங்கள் ஊர்க் கத்தரின் அக்கா அறை தருவா, அவவுக்கு எழுதிவிட்டேன். பெண்ணுக்கு இளகிய மனம் வேண்டும். உமக்கு அது இருக்கிறது என்றுதான் மாமாவிடம் உம்மைக் கேட்டேன்.

அடுத்த மாதம் தம்பி அன்ரனுக்கு ஓராண்டுப் பூசை. படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஊரில் இயக்கத்துக்குப் போய்ச் சண்டையில் செத்தவன் என் தம்பி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது பெருமை.

அன்புடன்,
செபநேசன்

*

ஹவுன்ஸ்லோ
12.5.1985

அன்புள்ள அத்தான்,

நான் அறை மாறவில்லை. முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அன்ரி ஊருக்குப் போய்த் திரும்பிவிட்டா. கல்லில் எல்லாம் ஆண்களின் பெயர். அந்த இரகசியக் கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் மேடையில் பேசினாராம். பொலிஸ்காரனைச் சுட்டவன் செத்துப்போன பீற்றராம். பெண்கள் சூப் காய்ச்சிக் கொடுத்து உதவினார்களாம். அன்ரி எழும்பி, "பீற்றர் அண்டைக்குக் காய்ச்சலாக் கிடந்தவன். சைக்கிளில போனது நான். உனக்கும் தெரியும்" என்றிருக்கிறா. அவர் நிலத்தைப் பார்த்தாராம். நகரபிதா வந்து தோளைத் தொட்டு, "இண்டைக்கு ஒருதரையும் நோகப்பண்ண வேண்டாம் அம்மா, இருங்கோ" என்றாராம். அன்ரி இருக்கவில்லை. வெளியே நடந்து, அடுத்த ரயிலைப் பிடித்து வந்துவிட்டா.

எனக்கு அந்த மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. அந்தக் கோபத்தோடு உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தேன். அன்ரன் துவக்குத் தூக்கினால் படம் சுவரில் ஏறும். இவ தூக்கினால் நான் வீட்டை விட்டு ஓட வேண்டுமா? அன்ரனுக்காக நானும் அழுதவள்தான், அத்தான். அவனும் மனிதரைத்தான் சுட்டிருப்பான். இதற்கு எனக்கொரு பதில் எழுதுங்கள்.

டொலறஸ்

*

பாரிஸ்
22.5.1985

டொலறஸ்,

என் தம்பியை அந்தக் கிழவியோடு ஒப்பிட்டதை நான் மறக்கப்போவதில்லை. அவன் ஆண்பிள்ளை. ஆண்பிள்ளை செய்வது வேறு. இந்த மாதம் முடிவதற்குள் நீர் கத்தரின் அக்கா வீட்டுக்குப் போகாவிட்டால், ஓகஸ்ட் கல்யாணத்தை நிற்பாட்டுவதைத் தவிர எனக்கு வழியில்லை. யோசியும்.

செபநேசன்

*

ஹவுன்ஸ்லோ
29.5.1985

அத்தான்,

யோசித்தேன். நான் கேட்டதற்குப் பதிலாக 'ஆண்பிள்ளை' என்ற ஒரு சொல்தான் வந்திருக்கிறது. அன்ரியை விட்டவனிடமும் அதற்குமேல் ஒன்றும் இருந்திருக்காது.

தமிழ்ப் பூசைக்கு வருகிற பாதரிடம் போய், ஓகஸ்டில் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"பொடியன் ஏதும் பிழை விட்டவரோ?" என்று கேட்டார்.

"அவர் என்னை அறை மாறச் சொன்னவர், பாதர். நான் மாறேல்லை. கல்யாணமும் வேண்டாமெண்டுறன்" என்றேன்.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன். சின்ன வயதிலிருந்து உங்களை நினைத்திருந்தவள், அழாமல் இருப்பேனா? ஆனால் திரும்பி உள்ளே போகவில்லை. அன்ரனின் பூசை நாளில் இங்கே நானும் அவனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன்.

மாமிக்கு நீங்கள்தான் எழுதவேண்டியிருக்கும். மானம் போகுமென்று, நீங்களே என்னை வேண்டாமென்று விட்டதாக எழுதத் தோன்றும். அப்படி எழுத வேண்டாம். நிற்பாட்டியது நான். என் பெயரைப் போட்டே எழுதுங்கள்.

டொலறஸ்