சந்தனம் வைத்த சி.டி.

அனுமந்தன்பட்டி
3.11.2007

மஸ்கட்டில் இருக்கும் அன்புத் தம்பி செல்வமணிக்கு, அக்கா எழுதுவது. ஜக்கம்மா புண்ணியத்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள்.

இங்கே நல்ல மழை. கொடி திராட்சையில் பாதி அழுகிவிட்டது. உன் மச்சானுக்கு இடது கை இப்போது நன்றாகத் தூக்க வருகிறது. வாதம் அடித்த வலது பக்கமும் பேச்சும் அப்படியேதான்.

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். போன் அவர் தலைமாட்டில் இருக்கிறது.

போன தை மாதம் கோயில் முன்னால் அவர் தேவராட்டம் ஆடியதை உன் டிஜிட்டல் கேமராவில் எடுத்து சி.டி. போட்டுத் தந்தாயே, அது போய்விட்டது. கெடுத்தவள் நான். ஆயுத பூசையன்று அவர் சலங்கைக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்த கையோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஒரு பக்கம் நீ அவர் பெயர் எழுதியிருந்தாய். பெயரை மறைக்க மனம் வராமல் மினுங்குகிற பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காய்ந்திருந்ததை, குத்துவிளக்கைத் துலக்குவதுபோல விபூதி போட்டுத் தேய்த்தேன். உத்தமபாளையம் கடைக்காரப் பையன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுல இனி ஒண்ணும் வராதுக்கா, பூச ரூம்லயே வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டான்.

அவர் தினமும் சாயங்காலம் அதைப் பார்ப்பார். போர்வைக்குள் இடது கால் அசையும். அவருக்குத் தெரிந்த முப்பத்திரண்டு அடியையும் பார்த்துப் பார்த்து என் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். பத்தொன்பதோடு நிற்கிறது.

பதினாலு நாளாக ஒரே பொய், கரண்ட் இல்லை என்று. நேற்று உறுமி அடிக்கிற பேச்சிமுத்து அண்ணன் வந்து, “படத்தப் போடு ஆத்தா, மாப்ள கடைசில எப்படித் திரும்புனாகன்னு பாக்கணும். பயலுக தைக்கு ஆடணும்ல” என்றார். அவரிடமும் அதையே சொன்னேன். “கரண்ட் இல்லாமயா தலைக்கு மேல காத்தாடி சுத்துது? ஜக்கம்மா வந்து சுத்துறாளோ?” என்றார். உன் மச்சான் பாதி வாயால் சிரித்தார். பிறகு காத்தாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அதன்பின் டி.வி. பக்கம் கை நீட்டவே இல்லை.

கேமராவிலிருந்ததை நீ சி.டி. போட்ட அன்றைக்கே அழித்துவிட்டுப் பாப்பா பிறந்தநாளை எடுத்தாய். பக்கத்தில் நின்று பார்த்தவள்தான். இருந்தாலும் சாமி, உன் கம்ப்யூட்டரில் எங்கேயாவது ஒதுங்கிக் கிடக்கிறதா என்று தேடிப் பார்.

இருந்தால் உடனே போன் போட்டு அவரிடமே சொல். இல்லையென்றால் போனில் வேண்டாம், கடிதமாக எழுது.

நீ குறைவில்லாமல் இருக்க வேண்டும். உன் கடிதம் மட்டும் இந்த வாசலுக்கு வரக்கூடாது என்று விளக்கு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா,
மொக்கம்மாள்