இடம் என்று முடிந்த வாக்கியம்

7-8-2006, திங்கள்

நான்காம் நாளாக விடாத மழை. தொலைபேசி காலை பத்தரைக்கு உயிர் பெற்றது, பன்னிரண்டு நாள் கழித்து. முதல் வேலை ஈரோட்டுக்கு மின்மடல். வழக்கம்போல் நகல்:

"பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, புனே அருகே தேஹு ரோட்டிலிருந்து மரகதம் செல்வராஜ் வணங்கி எழுதுவது. தாங்கள் அனுப்பிய தையல் இயந்திர ஷட்டில்கள் இரண்டையும் பாபின்கள் ஆறையும் சென்ற மாதம் இருபத்தாறாம் நாளே சேதமின்றிப் பெற்றுக்கொண்டேன். அதைத் தெரிவிப்பதிலும், இணைய ஏலத் தளத்தில் தங்களைப் பற்றிய கருத்தைப் பதிவதிலும் நேர்ந்த காலதாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். மழையில் எங்கள் பகுதித் தொலைபேசிக் கம்பி பழுதுபட்டதே காரணம், அலட்சியம் அன்று. கருத்து இன்றே பதியப்படும்."

எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ். 'கருத்து' என்று அடித்ததைக் 'கறுத்து' என்றும் படிக்கலாம். வேறு வழியில்லை. தமிழ் எழுத்து அடிக்கும் வித்தை இந்தக் கணிப்பொறிக்கு இன்னும் நான் கற்றுத்தரவில்லை.

ஈரோட்டுப் பெரியவர் (இனி ஈ.பெ.) பேருந்துப் பணிமனையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமனார் நடத்திய தையல் இயந்திரக் கடையில் மிஞ்சிய உதிரிகளை ஒவ்வொன்றாக ஏலத்தில் போடுகிறார். நான் பழைய கைமெஷின்களைச் சரிசெய்து அதே தளத்தில் விற்கிறேன். நீள பாபின் மெஷினுக்கு ஷட்டில் இப்போது அவரிடம்தான் கிடைக்கிறது. அவருக்கு இதுவரை ஒன்பது பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள். பத்தானால் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நட்சத்திரம். "தாங்கள் எழுதினால் பத்து. நட்சத்திரம் வந்ததும் வீட்டில் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்" என்று போன மாதமே எழுதியிருந்தார்.

எனக்கு இருநூற்றுப் பதினொன்று. அனைத்தும் பச்சை, அதாவது நல்ல கருத்து. சிவப்போ சாம்பலோ ஒன்றுகூட இல்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள், முப்பத்தோராம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு முடித்தவள் என்பது அந்த இருநூற்றுப் பதினொரு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

யார் முதலில் கருத்து எழுதுவது என்பதில் தளத்தில் ஓர் ஒழுங்கு கிடையாது. வாங்கியவர் என்ன எழுதுகிறார் என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று விற்றவர் காத்திருக்கிறார், வாங்கியவரும் அப்படியே. மண்டப வாசலில் இரண்டு சம்பந்திகள், யார் முதலில் 'வாங்க' சொல்வது என்று நிற்பதைப் போல. என் வழக்கம்:

– பொருள் வந்த மூன்று நாளுக்குள் நானே முதலில். (இம்முறை தவறியது.)
– பொருளைப் பற்றி எழுதுவது. ஆளைப் பற்றி எழுதினால் புகழ்ச்சி மட்டும்.
– முழு வாக்கியம். ஆங்கில 'ஏ'யை நாலு தரம் அடித்துப் பக்கத்தில் கூட்டல் குறிகளை அடுக்குவது மொழி ஆகாது.

மாலை நாலு மணிக்கு ஈ.பெ. பக்கத்தில் பதிந்தது: "வணக்கம் ஐயா, தாங்கள் அனுப்பிய பொருளிலோ தங்கள் நேர்மையிலோ ஐயம் கொள்ள இடமில்லை." பச்சை. வாக்கியம் நன்றாக அமைந்தது. திருப்தி.

8-8-2006, செவ்வாய்

மழை. துணி காயவில்லை, கூடத்தில் குறுக்கே கயிறு.

நாக்பூர் பார்சல் அனுப்பியாயிற்று. அஞ்சலகத்து அம்மாள் எடை போட்டுக்கொண்டே, "ஆஜ் ஏக் ஹீ? பாக்கி சப் பாரிஷ் மே பஹ் கயா கியா?" என்றார். இன்று ஒன்றுதானா, மற்றதெல்லாம் மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டதா என்று. தொலைபேசி இல்லாததால் விற்பனை இல்லை என்று முறைப்படி விளக்கினேன். அவர் முத்திரை குத்தி முடித்து அடுத்தவரைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

வாங்க: மெஷின் எண்ணெய், பழுப்பு டேப், ஆட்டா, மகள் கவிதாவுக்குக் குடை (மூன்றாவது).

என்னிடம் கைமெஷின் வாங்கிய லூதியானாக்காரர் எனக்குக் கருத்து எழுதியிருக்கிறார். நாலு 'ஏ', ஆறு கூட்டல். இருநூற்றுப் பன்னிரண்டு.

ஈரோட்டிலிருந்து பதில் இல்லை.

10-8-2006, வியாழன்

காலையில் அரை மணி வெயில்.

கவிதாவுக்குக் கல்லூரி இல்லை. அவளுக்குத் தமிழ் எழுத்து ஓடாது; ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தால் தட்டுத் தடுமாறிப் படித்துவிடுவாள். என் பக்கத்தைத் திறந்தவள், "அம்மா, உனக்கு ஒண்ணு வந்திருக்கு. தமிழ்ல" என்று வாசித்தாள்:

"பணம் வந்தது. மனம் தெரிந்தது."

பச்சை. ஈ.பெ. எழுதியது. கேட்டவுடன் மகிழ்ச்சி என்பதைப் பதிவு செய்ய வேண்டும். நாலே சொல்லில் எவ்வளவு கச்சிதமான பாராட்டு என்று நினைத்தேன். சிறிது பொறாமையும்.

பிறகு அவர் பக்கத்தில் நான் எழுதியதையும் வாசிக்கச் சொன்னேன். அவள் குரலில் கேட்க ஆசை. எழுத்துக் கூட்டி வந்தாள். "...நேர்மையிலோ ஐயம் கொள்ள இடம்." நிறுத்திவிட்டாள்.

மேலே படி என்றேன்.

"ஆகே குச் நஹீ ஹை, அம்மா. இடம்லயே நின்னுடுச்சு. ஐயம்னா என்ன?"

சந்தேகம் என்றேன்.

"தோ நீ அந்த அங்கிள சந்தேகப்படறேன்னு எழுதியிருக்கே?"

நானே பார்த்தேன். வாக்கியம் 'இடம்' என்று முடிந்திருந்தது. பொருளிலும் நேர்மையிலும் ஐயம் கொள்ள இடம். பக்கத்தில் பச்சைக் குறி. பஞ்சாபிக்கும் குஜராத்திக்கும் அது பாராட்டு. தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் வசை. சிரித்த முகத்தோடு காதருகே வந்து திட்டியதைப் போல.

மின்மடல் பெட்டியில் ஈ.பெ. மடலும் கிடந்தது. இரண்டு நாள் பழையது:

"அம்மா, சந்தேகம் இருந்தால் திருப்பி அனுப்பியிருக்கலாம். நட்சத்திரம் வந்ததும் வீட்டில் கூப்பிட்டுக் காட்டினேன். அவள்தான் வாசித்தாள். அவள் அப்பா கடைச் சாமான்."

இவ்வளவுதான். 'மனம் தெரிந்தது' என்பதன் பொருள் அப்போதுதான் விளங்கியது.

ரசத்தில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

11-8-2006, வெள்ளி

மழை. மின்சாரம் விட்டு விட்டு.

ஆராய்ச்சி. கருத்து அடிக்கும் பெட்டி எண்பது எழுத்துக்கு மேல் ஏற்பதில்லை. அடித்துக்கொண்டே இருக்கலாம், வாங்காது, எச்சரிக்கவும் செய்யாது. எண்ணிப் பார்த்தேன். 'இடம்' என்பதன் கடைசி எழுத்து சரியாக எண்பது. நான் விசைகளைப் பார்த்து அடிப்பவள், திரையைப் பார்த்து அல்ல.

ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் முதலிலேயே 'நோ' வந்திருக்கும். கடைசியில் எது அறுந்தாலும் பாராட்டு பிழைத்திருக்கும். நம் மொழியில் மறுப்பு வாக்கியத்தின் வாலில் தொங்குகிறது.

தளத்தின் விதிகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். எழுதியதை அழிக்க இயலாது. இருவரும் சம்மதித்தால் மதிப்பெண்ணைத் திரும்பப் பெறலாம். ஆனால் சொற்கள் அங்கேயே இருக்கும். அதாவது ஈ.பெ.க்கு ஒன்பதாகும், நட்சத்திரம் போய்விடும், வசை மட்டும் மிஞ்சும். கூடவே கூடாது. இன்னொரு வழி: எழுதியவர் தன் கருத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாம். ஒரே ஒரு முறை. அதுவும் எண்பது எழுத்து.

ஈ.பெ.க்கு விளக்க மின்மடல், நாற்பத்தொரு வரி. பெட்டியின் இயல்பு, எழுத்துக் கணக்கு, தொலைபேசிப் பழுது, மழை அனைத்தும் வரிசையாக. நகல் எடுக்கவில்லை, நீளம்.

மதியம் அவர் பக்கத்தில் பார்த்தேன். ஏலத்தில் இருந்த அவருடைய மூன்று பொருள்களையும் காணவில்லை. எடுத்துவிட்டிருக்கிறார்.

13-8-2006, ஞாயிறு

தூறல். பதில் இல்லை.

அவர் (என் கணவர், படைத்தளவாட டிப்போவில் ஸ்டோர்கீப்பர்) வீட்டில். வாசல் விளக்குக்கு ஒயர் மாற்றினார். இரண்டு தரம் ஃபியூஸ் போயிற்று.

சேர்க்க வேண்டிய ஒரு வரிக்கான முயற்சிகள்:

அ. "மேற்கண்ட வாக்கியம் இடமின்மையால் இடையில் அறுபட்டமைக்கு ஆழ்ந்து வருந்துகிறேன்." ஆங்கில எழுத்தில் எழுபத்தெட்டு. கொள்கிறது. ஆனால் வருத்தம் இருக்கிறது, ஈ.பெ.யின் நேர்மை பற்றி ஒன்றும் இல்லை.

ஆ. "ஐயா நேர்மையானவர், நேர்மையற்றவர் என நான் கருதியதாக எவரும் கருதற்க." நீளம் கிட்டத்தட்ட அதேதான். கவிதா வாசித்துவிட்டு, "இவர் நல்லவரா இல்லியா? சாஃப் சாஃப் சொல்லும்மா" என்றாள். ஏணியில் இருந்த அவர், "இத்த படிச்சா சந்தேகப்படாதவனுக்கும் சந்தேகம் வரும்" என்றார்.

இ. விளக்கமும் பாராட்டும் சேர்ந்த வாக்கியம். மூன்று விதமாகச் சுருக்கிப் பார்த்தும் நூற்றுப்பன்னிரண்டு. சுருங்கச் சுருங்க மரியாதைதான் முதலில் உதிர்கிறது: முதலில் 'பெருமதிப்பிற்குரிய', பிறகு 'தாங்கள்', பிறகு 'ஐயா'.

மதியம் வெண்டைக்காய். மாலை மூவரும் ரயிலடி வரை நடை.

14-8-2006, திங்கள்

பதில் இல்லை. அஞ்சல் பெட்டியை எட்டு முறை திறந்தேன். ஒவ்வொரு முறையும் தொலைபேசிக் கம்பி கீச்சிட்டு இணைய வேண்டியிருக்கிறது. கீழ்வீட்டு அம்மாள் ஷிண்டே பாயி தொலைபேசிக்காக இரண்டு தரம் வந்து நின்றார்.

ஒரு கேள்வி. நாற்பத்தொரு வரியை மனதில் ஓட்டிப் பார்த்தேன். பெட்டியைக் குறை சொல்லியிருக்கிறேன், கம்பியை, மழையை. 'நான் பார்க்கவில்லை' என்று எங்கேயும் எழுதியதாக நினைவில்லை.

15-8-2006, செவ்வாய்

மழை விட்டது. அஞ்சலகம் விடுமுறை.

அவர் டிப்போவில் கொடியேற்றம் முடிந்து பத்து மணிக்குத் திரும்பினார். சட்டைப் பையில் பூந்தி லட்டு, காகிதத்தில் எண்ணெய் ஊறி. வெள்ளைச் சட்டை, வாஷிங் சோடா போட வேண்டும்.

லட்டைப் பிட்டுக்கொண்டே ஈரோட்டுப் பெரியவர் பதில் போட்டாரா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"எங்க டிப்போல ஒரு பெட்டி போவுது. பேப்பர்ல பத்து சாமான், உள்ள ஒம்போதுதான் கீது. பிரிச்சவன் எழுதறான். நாங்க இன்னா பண்ணுவோம்? மன்னிப்புக் கடுதாசியா எழுதுவோம்? கொறைஞ்ச சாமான அனுப்புவோம். அவ்ளோதான்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உன் வாக்கியத்துல கொறைஞ்சது எது?"

"இல்லை."

"ஒண்ணும் கொறையலியா? அப்புறம் எதுக்கும்மே அஞ்சு நாளா அந்தப் பொட்டி முன்னாடியே குந்திக்கினு கீற?"

"'இல்லை'தாங்க குறைஞ்சது. 'இல்லை'ங்கற சொல்லு."

அவர் லட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். இருமல் வரும்வரை. நான் உடனே சிரிக்கவில்லை, கொஞ்சம் கழித்துத்தான்.

'இடம்' என்பதற்குக் கீழே 'இல்லை'. ஆங்கில எழுத்தில் ஐந்து. ஒரு காகிதத்தில் இரண்டு வரியையும் எழுதிக் கவிதாவிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டினாள். "...ஐயம் கொள்ள இடம். இல்லை. இடமில்லை. ஹாங், அப் டீக் ஹை." இப்போது சரி என்றுவிட்டுக் குடையைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். (மூன்றாவதும் தொலைந்தது.)

இன்னொன்று, மதியம் பாத்திரம் துலக்கும்போது. என் பக்கத்தில் ஈ.பெ. எழுதியது: பணம் வந்தது, மனம் தெரிந்தது. அவர் பக்கத்தில் 'இல்லை' சேர்ந்துவிட்டால் இதில் ஓர் எழுத்தும் மாற வேண்டியதில்லை. நான் முதலில் கேட்டபோது புரிந்துகொண்ட பொருளே நிற்கும். அவருக்கும் அது தோன்ற வேண்டும்.

16-8-2006, புதன்

வெயில். துணி எல்லாம் மாடியில்.

காலையில் அந்த வரியைச் சேர்க்க உட்கார்ந்தேன். அடித்தேன். திரையைப் பார்த்தேன். ஐந்து எழுத்து. பதியவில்லை, அழித்துவிட்டு எழுந்தேன். போன முறை ஈ.பெ. பக்கத்தில் அவரைக் கேட்காமல் எழுதினேன். மறுபடியும் கேட்காமல் எழுதுவது முறை அன்று.

மின்மடலை அவர் திறப்பதாகத் தெரியவில்லை. பார்சல் சுற்றிவந்த காகிதத்தில் முகவரி இருந்தது. டேப்பைக் கிழித்து எடுத்தேன். அஞ்சலகம் போய் இன்லண்ட் லெட்டர். தமிழ் எழுத்தில் எழுதலாம், எண்பது என்ற கணக்கும் இல்லை. பாதித் தாள் வெள்ளையாக நின்றது. பன்னிரண்டு மணி எடுப்புக்குப் போட்டாயிற்று. நகல்:

"ஐயா, வணக்கம். நான் எழுதியது 'ஐயம் கொள்ள இடமில்லை' என்று முடிய வேண்டிய வாக்கியம். பாதியில் அறுந்ததைப் பார்க்காமல் பதிந்துவிட்டேன். தவறு என்னுடையது. அதற்குக் கீழே 'இல்லை' என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஒரு முறைதான் சேர்க்க முடியும். தங்கள் பக்கம், ஆகையால் தங்கள் சம்மதம் வேண்டும். என் பக்கத்தில் தாங்கள் எழுதியது அப்படியே இருக்கட்டும். இக்கடிதத்தை வீட்டில் அம்மாவிடமும் வாசிக்கக் கொடுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்."