போர்டுக்குக் கீழே

1973 ஜூலை 1, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் லூர்து சொன்னான், அரையிறுதிக்குப் போய்விட்டானாம். என் பேரன்! ராயபுரத்தில் அவன் மாதிரி கேரம் ஆட ஆளில்லை. கிளப் கோப்பையை ஜெயிப்பவர் வட சென்னை சார்பில் மதுரையில் நடக்கும் போட்டிக்குப் போகலாம். அப்படிப் போன ஒரு பையனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததாம். இருபது வயசாகிறது இவனுக்கு. ஒரு வேலை கிடைத்தால் போதும், மாதாவே.

ஆனால் தெருவில் யார் வாயிலும் லூர்து இல்லை. அம்மு, அம்மு, அம்மு! எதிர்வீட்டு கெங்கம்மாவின் பேத்தி. கேரம் போர்டு பட்டறையில் காய்க்கு மெருகு போடுகிறவள். சாப்பாட்டு நேரத்தில் அங்கேயே ஆடிப் பழகி, கிளப்பில் பேர் கொடுத்து, அவளும் அரையிறுதிக்கு வந்துவிட்டாள். பொட்டைப் பெண் கேரம் ஆடினால் அதிசயம், ஆம்பிளை ஆடினால் ஒன்றுமில்லையா?

சின்னவள் ஃப்ளோரன்ஸ், லூர்துவின் தங்கை, அண்ணன் ஸ்ட்ரைக்கரை எடுத்துச் சுண்டிக்கொண்டிருந்தாள். கையில் ஒன்று வைத்தேன்.

ஜூலை 4

குழாயடியில் கெங்கம்மா கேட்கிறாள்: “இன்னா சிலுவ, உன் பேரன்கூட கேரம் ஆட்றானாமே?” தெரியாத மாதிரி! குடம் நிரம்பி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

ஜூலை 8, ஞாயிறு

லூர்து ஜெயித்துவிட்டான். அவளும்தான்.

அம்மு உட்காருவதற்கு முன்னால் போர்டில் பவுடரைத் தூவி, அதில் விரலால் அசிங்கமாக எழுதி வைத்திருந்தார்களாம். அவள் உள்ளங்கையால் துடைத்துவிட்டு ஆடினாளாம். லூர்து சிரித்துச் சிரித்துச் சொன்னான். நானும் சிரித்தேன்.

“இன்னா எழுதினாங்க ஆயா?” என்று ஃப்ளோரன்ஸ் கேட்டாள். பதினோரு வயசு. என்னவென்று சொல்வது?

ஜூலை 12

கெங்கம்மா அழுதுகொண்டு வந்தாள். அம்மு இறுதி ஆட்டத்துக்குப் போகமாட்டேன் என்கிறாளாம். எதிரே உட்காருகிறவன்கள் போர்டுக்குக் கீழே காலை நீட்டி அவள் காலைத் தடவுகிறான்களாம். ஆட்டம் தொடங்கிவிட்டால் நாற்காலியை நகர்த்தக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது, அதுதான் சட்டம். எங்கே போவாள்?

கிளப் செயலாளர் இன்னாசியிடம் கெங்கம்மா போய்க் கேட்டாளாம். “போர்டுக்கு மேல நடக்கறதுதான் எங்க கணக்கு. புடிக்கலன்னா வூட்ல குந்திகினு சோறாக்கச் சொல்லு” என்றானாம்.

அவள் அழும்போது என் நெஞ்சு குளிர்ந்தது. அம்மு வராவிட்டால் கோப்பை லூர்துக்கு. வேலையும் வந்த மாதிரி. வாயால் மட்டும், “கலீஜ் பசங்க கெங்கம்மா, உடு” என்றேன்.

ஜூலை 15, ஞாயிறு

அம்மு வந்துவிட்டாள்.

நானும் போயிருந்தேன். பெஞ்சு முழுக்க ஆண்கள். ஒருத்தனும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து போர்டு தெரியவில்லை. அதன் அடிப்பக்கம்தான் தெரிந்தது.

அம்மு குறி வைக்கும்போதெல்லாம் ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல நீளும். அவள் பாதத்தின் மேல் ஏறும். அப்புறம் பாவாடை ஓரத்துக்குள். அவள் கால்விரல் எல்லாம் உள்ளே சுருண்டுகொண்டது. நாற்காலியின் காலோடு தன் காலைப் பின்னிக்கொண்டாள். அப்பவும் விடவில்லை.

நீலவார் ரப்பர் செருப்பு. பண்டிகைக்கு நான் வாங்கித் தந்தது.

அவள் கை தவறி ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தது. போட்ட காயை வெளியே எடுத்து வைத்தார்கள். “கை நடுங்குது பாரு மாமு!” என்று ஒருத்தன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். லூர்துக்கு இன்னும் இரண்டே காய். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கத்தான் நினைத்தேன் — சத்தியமாக.

“லூர்து! கால எட்றா!”

இன்னாசி பாய்ந்து வந்தான். “ஆயா, ஆட்டத்துக்கு நடுவுல பேசக் கூடாது.”

“நீ மேல பாரு நைனா. கீழ நான் பாத்துக்கறேன்” என்று சொல்லி, நகர்ந்து போய்ப் போர்டுக்குப் பக்கத்திலேயே தரையில் குந்திக்கொண்டேன். லூர்து செருப்பை மாட்டிக்கொண்டான். முகம் செத்துப்போயிருந்தது.

அதற்கப்புறம் அவள் கை நடுங்கவில்லை. சிவப்பைப் போட்டாள். தொடர்ந்து தன் காயையும் போட்டாள். நிறுத்தவே இல்லை.

ஜூலை 16

லூர்து சாப்பிடவில்லை. “சொந்த ஆயாவே என் மானத்த வாங்கிட்ச்சி” என்று ஃப்ளோரன்ஸிடம் சொல்கிறான், என் காதுபட.

ஏன் வாயைத் திறந்தேன்? கெங்கம்மா பேரனாக இருந்திருந்தால் இன்னும் சத்தமாகக் கத்தியிருப்பேன், அது மட்டும் தெரியும். வேலை போச்சே. வயிறு எரிகிறது. ஆனால் அந்தச் சுருண்ட விரல்கள் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கின்றன.

ஜூலை 22, ஞாயிறு

கெங்கம்மா லட்டு கொண்டுவந்தாள். யார் கால் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய இந்தப் பெருந்தன்மையால்தான் வயிறு இன்னும் எரிகிறது. பாதி தின்றேன். சர்க்கரை அதிகம்.

ஜூலை 29

அம்மு மதுரைக்குப் போகிறாள். தெருவே வாசலில். நான் சன்னலைச் சாத்திக்கொண்டு, இடுக்கு வழியாகப் பார்த்தேன். புதுத் தாவணி. நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

மதுரையில் இரண்டாவது சுற்றிலேயே அம்மு தோற்றுவிட்டாள். கேட்டதும் குஷியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் குழாயடியில் அவளையே கேட்டேன், “அங்கயும் கால நீட்னானுங்களாடி?”

“இல்ல ஆயா. அந்த ஆளு நெஜமாவே நல்லா ஆட்னாரு” என்று சிரித்தாள். தோற்றவள் சிரிக்கிறாள்!

லூர்து இன்று குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். என்னைப் பார்க்கவில்லை. பார்ப்பான்.

சாயங்காலம் ஃப்ளோரன்ஸைக் கூப்பிட்டுத் தலைசீவி, பவுடர் டப்பாவைக் கையில் கொடுத்து எதிர்வீட்டுக்கு அனுப்பினேன்.

“அம்மு அக்கா கிட்ட கேரம் கத்துக்கோ.”

“எதுக்கு ஆயா?”

“அவள தோக்கடிக்கறதுக்குத்தான்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் மறுபடி ஆட்டமாம். போர்டுக்குப் பக்கத்தில் பாய் போட்டு வை என்று இன்னாசிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.