மழைக்கோட்டு

மெய்ன் மாநிலம், அமெரிக்கா, அக்டோபர்

அன்புள்ள ஏமஸுக்கு,

முழங்கால் வலி எப்படியிருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிடாதே. எனக்கு லேசான ஜலதோஷம், அவ்வளவுதான்.

நீ அனுப்பிய மழைக்கோட்டு வந்தது. கோபித்துக்கொள்ளாதே, அதைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்க முடியாது. சாக்கடைக் கழிவை உரமென்று கொட்டிய மண்ணில் நாங்கள் ஒரு ரசாயனத்தைத் தேடுகிறோம். தண்ணீர் ஒட்டாமலிருக்க இந்தக் கோட்டில் பூசுவதும் அதைத்தான். எடுக்கும் மண்ணில் துளி பட்டாலும் முடிவு பொய்யாகிவிடும். பலமுறை துவைத்த பழைய பருத்திச் சட்டைதான் எங்களுக்குச் சீருடை.

செவ்வாயன்று திபோடோ அம்மாளின் பண்ணையில் மண் எடுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்தேன்.

"இவ்ளோ படிச்சவளுக்கு ஒரு மழைக்கோட்டு வாங்க வக்கில்லையா?" என்று கேலி செய்தபடியே அந்த அம்மாள் உள்ளே கூட்டிப்போய்க் காபி கொடுத்தார். அதே ரசாயனம் கலந்திருப்பதால் அவருடைய மாட்டுப்பாலை விற்கக்கூடாதென்று போன மாதமே தடை. கோப்பையைப் பார்த்து நான் தயங்கினேன்.

"பயப்படாம குடி, கடைப்பால்தான். நாப்பது மாடு கறந்து கீழ கொட்டிட்டு, கடையில போய் பால் வாங்குறேன்."

இருவரும் சிரித்தோம். அப்புறம் எங்கே பார்ப்பதென்று இருவருக்குமே தெரியவில்லை. இங்கே வந்தபின் இன்னொருவரோடு உட்கார்ந்து நான் குடித்த முதல் காபி அது.

உன் பழைய சட்டைகளில் நாலைந்து அனுப்பு. வாசனைத் திரவம் எதுவும் போடாமல் துவைக்க வேண்டும். ஒன்றை மட்டும் துவைக்காதே, கழற்றியபடியே மடித்து வை. அது வயலுக்கு இல்லை.

தபால் வண்டிச் சத்தம் கேட்கிறது.

உன்
கோரா