நூல் கோக்காத ஊசி

ஜூன் 4

அன்புள்ள அம்மா,

போனை எடுத்ததும் நீ ஒரு பெருமூச்சு விடுகிறாய் பார், அதிலேயே என் தைரியம் போய்விடுகிறது. அதனால்தான் போன் வேண்டாம், எழுது என்றேன். கோபித்துக்கொள்ளாதே. எழுத்தில் உன் குரல் நடுங்காது.

பிரசவத்தை நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. தையல் கம்பெனியில் பகலெல்லாம் ஊசியோடு கிடக்கிறவள், ஆஸ்பத்திரி ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோடு சாய்ந்தேன். "இதுக்கே இப்படியா?" என்றார் நர்ஸ். அந்தப் பேச்சு பஸ்ஸில் வீடுவரை கூடவே வந்தது.

எங்கள் கம்பெனியில் புதிதாக வருகிறவளுக்கு உடனே துணி தரமாட்டார்கள். நூல் கோக்காமல், வெறும் காகிதத்தில் மெஷினை ஓட்டச் சொல்வார்கள். முதலில் சத்தம் பழகணும், கை பழகணும். நூல் அப்புறம். இதையும் அப்படியே பழகிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். செக்கப் முடிந்ததும் பிரசவ வார்டு வாசல் பெஞ்சில் போய் உட்காருகிறேன். முதல் தடவை உள்ளே யாரோ கத்தியதும் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். அடுத்த தடவை செருப்பைக் கழற்றவே இல்லை.

இன்னொன்று. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரே ஒரு பெண் நிற்கலாமாம். அத்தையைக் கேட்டிருக்கிறேன். நீ வெளியே இரு, அம்மா. தம்பி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த அன்று, அவனை விட்டுவிட்டு உன்னைத்தானே எல்லோரும் தூக்கினோம்.

உன் சுண்டு

ஜூன் 12

என் தங்கம் சுண்டுவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முட்டியைத் தவிர. அது அவர் பேச்சைக் கேட்பதில்லை, அவர் என் பேச்சைக் கேட்பதில்லை.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் "நீ வெளியே இரு" என்பதை எத்தனை தடவை படித்தாலும் ஒரே அர்த்தம்தான் வருகிறது. சம்பந்தியம்மா தைரியசாலி, இல்லை என்று சொல்லவில்லை. நானும் ரெண்டு பெற்றவள்தான், கடையில் வாங்கி வரவில்லை. என் வலிக்கு நான் மயங்கியதே இல்லை. அடுத்தவர் வலியைப் பார்த்தால்தான் தலை சுற்றும்.

அப்பாவிடம் சொன்னேன். நீ உள்ளே போனால் டாக்டர் ரெண்டு பேரைப் பார்க்கவேண்டி வரும் என்றார். அன்றைக்கு அவருக்கு ஆறின டீதான்.

அந்தப் பெஞ்சு விஷயத்தைக் கொஞ்சம் விவரமாக எழுது. உட்கார்ந்தால் எதைப் பார்ப்பாய்? சத்தம் கேட்டால் என்ன செய்வாய்? சும்மாதான் கேட்கிறேன்.

பாட்டியாகப் போகிற உன் அம்மா

ஜூலை 1

அன்புள்ள அம்மா,

சும்மா கேட்கிற ஆளா நீ? இருந்தாலும் சொல்கிறேன். கதவையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, எதிரே இருக்கிற ஆட்களைப் பார்க்கணும். சத்தம் கேட்டால் மூச்சை அடக்கக் கூடாது, தையல் மெஷின் பெடலிலிருந்து காலை எடுக்கிற மாதிரி மெல்ல விடணும். முக்கியமாக, பாதியில் எழுந்து வரக் கூடாது. பாதியில் வந்தால் அந்தக் கத்தல் மட்டும்தான் நம்மோடு வரும். கடைசிவரை இருந்தால் குழந்தை அழுவது கேட்கும்.

இந்தத் தடவை ஊசிக்கு நான் சாயவில்லை. கண் கொட்டாமல் நர்ஸையே பார்த்தேன். அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உன் மாப்பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற ஒத்திகை பார்த்தார். பையை எடுத்தார், கதவைப் பூட்டினார், வண்டியில் ஏறிக் கிளம்பிவிட்டார். நான் பூட்டிய வீட்டுக்குள் நிற்கிறேன்.

உன் சுண்டு

ஜூலை 20

என் தங்கம் சுண்டுவுக்கு,

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். இங்குள்ள ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டு வாசல் பெஞ்சில் நானும் போய் உட்கார்ந்தேன். யாருக்காக வந்திருக்கீங்க என்று காவலாளி கேட்டார். எனக்காகத்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் நாள் கண் இருட்டி, தலையை மடியில் கவிழ்த்துக்கொண்டேன். ஆனால் எழுந்து வரவில்லை. மறுபடி மறுபடி போனேன். நேற்று, உன் வயசுப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புருஷன் மருந்து வாங்கப் போயிருந்தான். வலி வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை. நர்ஸ் வந்து, "நீங்க இவங்க அம்மாவா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவளே "ஆமா" என்றாள்.

உள்ளே போனேன், சுண்டு. நீ சொன்ன மாதிரி மூச்சை மெல்ல விட்டேன். அவள் முகத்தையே பார்த்தேன். கடைசிவரை இருந்தேன். பெண் குழந்தை. அது அழுதது, நானும் அழுதேன், ஆனால் விழவில்லை. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் மறைக்கவில்லை. அவள் நகம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது. அப்பாவிடம் காட்டினேன். அவரே போய் டீ போட்டு வந்தார்.

சம்பந்தியம்மாவே உள்ளே நிற்கட்டும். அது உன் இஷ்டம். உன் அம்மாவாலும் முடியும் என்று உனக்குத் தெரிந்தால் போதும்.

அம்மா

ஆகஸ்ட் 2

அம்மா,

உன் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்களே உள்ளே நிக்கட்டும். நான் வெளியே உன் புருஷனைப் பிடிச்சுக்கறேன், அவன்தான் விழுவான்" என்றார்.

பெட்டியைக் கட்டு. எனக்கு இன்னும் பயம் போகவில்லை. பயத்தோடேயே போய்ப் பெற்றுக்கொள்வேன். நான் கத்துவேன், உன்னைத் திட்டக்கூடச் செய்வேன். நீ பாதியில் போகக் கூடாது. மணிக்கட்டில் என் நகத்துக்கும் இடம் வை.

இது கிடைத்ததும் போன் பண்ணு. பெருமூச்சு விட்டாலும் பரவாயில்லை.

சுண்டு